முதியோர் தட்டும் தேசத்தின் பலமும்

ஒரு தேசத்தின் பலத்தைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் அதன் வாலிபர்களையே எண்ணிப் பார்க்கிறார்கள். வயலில் எத்தனை தோள்கள், ஆலையில் எத்தனை கைகள் என்பதோடு அக்கணக்கு முடிந்துவிடுகிறது. உழைத்து ஓய்ந்தவர்களின் தேகம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று கேட்பவர் சிலரே. இது நியாயமும் அன்று, விவேகமும் அன்று. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் அறுபது வயதை எட்டியவர்களாயிருந்தனர். 2021-ம் வருஷத்திற்கென மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா வெளியிட்ட மதிப்பு நூற்றுக்கு 13.6. பெரிய ராஜ்யங்களுள் கேரளத்திற்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்தது நம்முடையதே. இத்தனை பேரும் தங்கள் கால்களால் எழுந்து நடமாடி வாழப்போகிறார்களா, அல்லது கட்டிலில் கிடந்து பிறர் கையை எதிர்பார்த்து வாழப்போகிறார்களா என்பது அவரவர் தலைவிதி என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். தலைவிதி என்று நாம் விட்டுவிட்ட அவ்விஷயத்தில், தட்டில் விழும் ஆகாரத்திற்கும், கால்களுக்கு அன்றாடம் கிடைக்கும் வேலைக்கும் பெரும் பங்கு உண்டு என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது.

எட்டயபுரத்தில் தொடங்கிய காரியம்

இவ்விஷயத்தை எட்டயபுரத்தை முன்வைத்து விசாரிப்பது பொருத்தம் என்று நாம் கருதுகிறோம். அவ்வூரின் பெயரைச் சொன்னதும் பாரதியார் நினைவுக்கு வருவார். 1882-ல் அங்கே பிறந்த அவர், 1921-ல், முப்பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். முதுமை என்பதை அவர் காணவே இல்லை. ஆனால் அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1956-ம் வருஷத்தில், அப்பொழுது முதன் மந்திரியாயிருந்த காமராஜர், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டத்தைப் பாரதியார் பிறந்த அந்த ஊரிலேயே தொடங்கி வைத்தார். சென்னை நகரசபை 1920-லேயே தியாகராயச் செட்டியார் முயற்சியால் ஒரு பள்ளியில் இதைச் செய்து காட்டியிருந்ததென்பது உண்மை. எனினும், பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்க முடியாது, ஆதலால் சோறிடுவதும் சர்க்காரின் கடமையே என்பது நாடறிந்த கொள்கையானது எட்டயபுரத்திற்குப் பின்னரேயாகும்.

அன்று ஏழெட்டு வயதில் அந்தத் தட்டின் முன் உட்கார்ந்த பிள்ளைகள் இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். கரிசல் காட்டில் உழுதும், தீப்பெட்டி ஒட்டியும், தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரியும் தேய்ந்த தலைமுறை அது. அத்தலைமுறையின் தட்டில் இன்று என்ன இருக்கிறது? காலையில் காப்பியோடு இரண்டு இட்லி. மத்தியானம் ரஸமும் மோரும் ஊற்றிய சோறு. இரவில் மீந்த சோற்றில் நீர் ஊற்றிய கஞ்சி. வயிறு நிரம்புகிறது; பசி அடங்குகிறது. ஆனால் தசை பட்டினி கிடக்கிறது. இந்தப் பட்டினியைப் பற்றியே நாம் எழுத விரும்புகிறோம்.

தசை என்னும் பண்டசாலை

தசையை நாம் அசைவுக்குரிய கருவி என்று மட்டும் நினைக்கிறோம். அது தேகத்தின் பண்டசாலையுமாகும். நாம் உண்ணும் சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை இன்சுலினின் ஏவலால் வாங்கிச் சேமித்து வைப்பதில் தசைக்கே பெரும் பங்கு. தசை குறைந்த தேகத்தில் அச்சர்க்கரைக்குப் போதிய இடமில்லை. அது இரத்தத்திலேயே தங்குகிறது. நீரிழிவு நம் நாட்டில் இவ்வளவு பரவியதற்குக் காரணங்கள் பல. தசை மெலிந்து கொழுப்பு மிகுந்த தேகவாகு அவற்றுள் ஒன்று. அஃதன்றியும், காய்ச்சலோ காயமோ வரும்பொழுது நோயை எதிர்க்கும் பொருள்களைச் செய்யத் தேகம் புரதத்தைக் கடன் கேட்பது தசையிடமேயாம். கடன் கொடுக்கப் பண்டசாலையில் சரக்கு இல்லாதவர் சிறு நோயிலிருந்தும் எளிதில் எழுவதில்லை.

இப்பண்டசாலை கல்லால் கட்டியதன்று. ஒவ்வொரு நாளும் தசையின் ஒரு பகுதி சிதைகிறது. ஒரு பகுதி புதிதாகக் கட்டப்படுகிறது. வாலிபத்தில் வரவும் செலவும் சமமாக இருக்கின்றன. ஐம்பது வயதுக்குப் பின் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தசை குறைந்துகொண்டே வருகிறது. பலமோ அதைவிட வேகமாகக் குறைகிறது. தசையை ஏவும் நரம்புகளிற் சில மடிந்து போகின்றன. சடுதியில் சுருங்கி விரியும் தசைநார்கள் முதலில் மெலிகின்றன. கால் வழுக்கும்பொழுது நம்மைத் தாங்கிப் பிடிப்பவை அந்த நார்களே. ஆதலால்தான் வயோதிகர், தூக்க முடியாத சுமையைத் தூக்கி விழுவதில்லை. வாசற்படியில் தடுக்கி விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிகிறது, அப்புறம் கட்டிலே கதியாகிறது.

இந்தத் தேய்வுக்கு 1989-ல் அமெரிக்க விஞ்ஞானி இர்வின் ரோசன்பர்க் 'ஸார்கோபீனியா' என்று பெயரிட்டார். 'தசைக் குறைவு' என்பது அதன் பொருள். 2016-ல் அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் அது தனி எண்ணும் பெற்றது. வயதானால் அப்படித்தான் என்று தள்ளிவிடத்தக்க விஷயம் அன்று, அது கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யவேண்டிய நோய் என்பதே இப்பெயரின் கருத்து.

வாலிபனுக்குப் போதும், கிழவருக்குப் போதாது

இங்கே ஒரு முக்கியமான உண்மையை நேயர்கள் கவனிக்க வேண்டும். கிழவர் ஓடியாடி உழைப்பதில்லை. ஆதலால் அவருக்கு ஆகாரம் குறைவாக இருந்தால் போதும் என்பது நம் வீடுகளில் வழங்கும் எண்ணம். மாவுச்சத்தையும் எண்ணெயையும் பொறுத்தமட்டில் அது சரியே. புரதத்தைப் பொறுத்தமட்டில் நிலைமை நேர்மாறானது. உணவிலுள்ள புரதம் ஜீரணமாகி அமினோ அமிலங்களாக இரத்தத்தில் கலக்கிறது. அவற்றுள் லியூசின் என்னும் ஒன்று, 'இப்பொழுது கட்டு' என்று தசைக்கு உத்தரவிடுவது போன்ற வேலையைச் செய்கிறது. வாலிபனுடைய தசை மெல்லிய குரலுக்கும் செவி சாய்க்கும். முதியவருடைய தசைக்கோ காது மந்தம். உரக்கச் சொன்னாலொழிய அது வேலையைத் தொடங்குவதில்லை. ஒரு வேளை உணவில் தேக எடையில் கிலோவுக்குக் கால் கிராம் அளவு புரதமிருந்தால் வாலிபனின் தசைக்குப் போதும், முதியவருக்கு 0.4 கிராம் வேண்டியிருக்கிறது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு வேளைக்கு 20 கிராம் என்று வைத்துக் கொள்ளலாம்.

நம் தேசத்து வைத்திய ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் விதித்த அளவு, வயது வந்தவருக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம். முதியோர் விஷயத்தை விசேஷமாக ஆராய்ந்த பிறநாட்டு நிபுணர் குழுக்கள் 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டுமென்கின்றன. இனி நம் தட்டைப் பார்ப்போம். ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம் புரதம். நூறு கிராம் அரிசியில் 7 அல்லது 8 கிராம். காலையில் இரண்டு இட்லியும் காப்பியும் அருந்தும் பாட்டியார் வேண்டிய 20 கிராமில் பாதியைக்கூட எட்டுவதில்லை. நாள் முழுவதும் மூன்று வேளையும் இவ்வாறே கழியுமாயின், அவருடைய தசைக்கு 'கட்டு' என்னும் உத்தரவு ஒருமுறையேனும் கிடைப்பதில்லை. 'இடி' என்னும் உத்தரவு மட்டும் நிற்காமல் நடக்கிறது.

குன்னூர் எலிகள் சொன்ன பாடம்

இது நமக்குப் புதிய பாடமன்று. 1920-களில் நீலகிரியில் குன்னூரிலிருந்த ஆராய்ச்சி சாலையில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் டாக்டர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரே இனத்து எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குச் சீக்கியரின் ஆகாரம், ஒன்றுக்குப் பட்டாணியரின் ஆகாரம், ஒன்றுக்கு மராட்டியரின் ஆகாரம் என்று இந்தியாவின் பல பாகத்து உணவுகளையும் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கிய உணவை உண்டவை கொழுகொழுவென்று முதலிடத்தில் நின்றன. தீட்டிய அரிசியே பிரதானமாகவும், பாலும் பருப்பும் பேருக்கு மட்டுமாகவும் இருந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன.

பிரிட்டிஷார் அந்நாளில் இந்தியரை 'வீர ஜாதிகள்' என்றும் மற்றவர்கள் என்றும் பிரித்து, தென்னாட்டாரைப் பலவீனர் பட்டியலில் சேர்த்திருந்தனர். ஆனால் எலிகளுக்கு ஏது ஜாதி? ஒரே வம்சத்து எலி, உணவு மாறியதும் பலவானாகவும் பலவீனனாகவும் ஆயிற்று. குற்றம் இரத்தத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது என்பதை ஏகாதிபத்தியத்தின் சொந்த ஆராய்ச்சி சாலையே நிரூபித்துவிட்டது. இதனை நன்குணர்ந்தவர்களாதலாலேயே, 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும், அதன் பொறுப்பை ஏற்ற தஞ்சையில் பிறந்த தமிழர் குமரப்பாவும் கைக்குத்தல் அரிசியைத் தேசியப் பிரச்னையாக எடுத்துக்கொண்டனர். ஆகாரமும் சுயராஜ்யமும் வெவ்வேறு விஷயங்கள் என்று அவர்கள் எண்ணவில்லை.

அந்தக் குன்னூர் ஆராய்ச்சி சாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. தேசியப் போஷணை ஆராய்ச்சி நிலையம் என்று இன்று வழங்குவது அதுவே. ஆராய்ச்சி சாலை இடம் பெயர்ந்தது. நம் தட்டு அவ்வளவாக மாறவில்லை. 2025-ல் வெளியான நாடு தழுவிய ஆராய்ச்சி ஒன்று, இந்தியர் உண்ணும் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தும், ஏறத்தாழ 12 பங்கு மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறதென்று காட்டியிருக்கிறது.

கரிசல் பூமியின் விசித்திரம்

எட்டயபுரத்தைச் சூழ்ந்த கரிசல் பூமியை நினைத்தால் இந்நிலைமை விசித்திரமாகவே தோன்றுகிறது. ஐப்பசி மழையை நம்பி அங்கே விளைவது எது? உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும். கோவில்பட்டியில் 1901 முதல் நடந்துவரும் விவசாய ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரிப் பயிர்களுக்காகவே உழைத்து வருவது. நிலக்கடலையை வெல்லப்பாகில் இட்டுச் செய்யும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடும் பெற்றது. உளுந்திலும் பயறிலும் நூறு கிராமுக்கு 22 கிராம் அளவில் புரதம். நிலக்கடலையில் அதற்கும் அதிகம். கம்பிலோ அரிசியைவிட மிகுதி. கிழக்கே கடல். அங்கிருந்து வரும் மீனும் கருவாடும் கரிசல் சந்தைகளில் விற்கின்றன. புரதம் விளையும் பூமியில் உட்கார்ந்துகொண்டு புரதப் பஞ்சத்தில் முதியோர் வாடுவது நம் வறுமையினால் மட்டும் நேர்ந்ததன்று, வழக்கத்தினாலும் நேர்ந்தது.

வீட்டில் பெண் பூப்பெய்தினால் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, இடுப்புக்குப் பலம் என்று சொல்லி ஊட்டுகிறாள் பாட்டி. அதே பாட்டி தனக்கு நீராகாரம் போதும் என்கிறாள். பேரனுக்கு முட்டை, மகனுக்கு மீன், தனக்குக் குழம்பு. கடைசியில் உண்பதும் குறைவாக உண்பதும் பெண்ணுக்கு லக்ஷணம் என்று நாம் பழக்கியிருக்கிறோம். அவள் படுத்த படுக்கையானால், அவளைத் தூக்கிக் குளிப்பாட்டும் பாரம் மருமகளின் இடுப்பில் ஏறுகிறது. ஒரு தலைமுறைப் பெண்ணின் தட்டில் செய்த சிக்கனத்திற்கு மறு தலைமுறைப் பெண் வட்டி கட்டுகிறாள்.

ஐந்தில் வளையாதது

ஆகாரம் மட்டும் போதாது. தசை, வேலை கேட்பது. உப்பள வேலையிலோ கழனி வேலையிலோ நாற்பது வருஷம் உழைத்தவருக்கு இதற்கு மேலும் உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். கடின உழைப்பிருந்தும் புரதமில்லாதபொழுது தசைக்கு ஈடு கிடைப்பதில்லை. பிறகு வேலையை ஒரேயடியாக நிறுத்தித் திண்ணையில் உட்கார்ந்ததும் தேய்வு விரைகிறது. 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், நல்ல தேகசுகமுள்ள முதியோர் பன்னிருவரைப் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கச் செய்தனர். அந்தப் பத்தே நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து சராசரி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தசை மறைந்துவிட்டது. காய்ச்சலென்று முதியவரை மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தி, 'அசையாதீர்கள்' என்று உபசாரம் செய்யும் நம் அன்பு எத்தகைய தீங்காக முடிகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1990-ல் பாஸ்டன் நகரில் மரியா ஃபியதரோன் என்னும் டாக்டரும் அவருடைய சகாக்களும், தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேரைத் தேர்ந்து, எட்டு வாரம் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தனர். முடித்தவர்களின் கால் பலம் சராசரி இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம்மவர் கேட்பதுண்டு. குணத்தைப் பற்றி அது மெய்யாயிருக்கலாம். தசையோ தொண்ணூறிலும் வளைகிறது.

ஆட்சேபங்கள்

கிழவருக்குப் பருப்பும் முட்டையும் ஜீரணமாகாது என்பார்கள். சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு, குழைய வேகவைத்து, பயற்றங்கஞ்சியாகவும் உளுந்தங்களியாகவும் தயிராகவும் கொடுத்தால் பல்லில்லாதவரும் உண்ணலாம். மூத்திரக்காய் பழுதுற்றவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். இரத்தக் கொதிப்புள்ளவர்கள் கருவாட்டின் உப்புக்கு அஞ்ச வேண்டும்.

புலால் உண்ணாதோர் என்ன செய்வது என்பார்கள். தானியத்தில் குறைந்த அமினோ அமிலம் பயறில் நிறைந்திருக்கிறது. பயறில் குறைந்தது தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குறை நீங்குகிறது. ஒரு கிண்ணம் பயற்றுச் சுண்டல், ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை: இவை சேர்ந்தால் 20 கிராம் ஆகிவிடும்.

ஏழைக்கு இதற்கெல்லாம் பணமேது என்பார்கள். இந்த ஆட்சேபம் ஒன்றே உண்மையான ஆட்சேபம். இதற்கு விடை சமையலறையில் இல்லை. ராஜ்ய நிர்வாகத்தில் இருக்கிறது.

நாம் செய்யவேண்டியவை

மதிய உணவுத் திட்டம் 1982-ல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1983 ஜனவரி முதல் முதியோர் உதவித் தொகை பெறுவோரும் அதிற் சேர்க்கப்பட்டனர். முதியோருக்குச் சோறிடுவது சர்க்காரின் கடமை என்னும் கொள்கை ஆகவே புதிதன்று. அது ஒப்புக்கொள்ளப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. நாம் கேட்பது ஒன்றே. பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் முட்டை என்று 2010-ல் ஏற்பட்ட விதி, அம்மையத்தில் உண்ண வரும் முதியவருக்கும் உரியதாக வேண்டும். முட்டை வேண்டாதவருக்குக் கெட்டியான பயறு கிடைக்க வேண்டும். சோற்றின் அளவைக் கூட்டினால் முதியவர் தசை வளராது. பருப்பின் அளவைக் கூட்டினால்தான் வளரும். ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கும் நாட்டில், தனித்து வாழும் முதியோர் அட்டைக்குப் பயறும் விலையின்றிக் கிடைப்பது நியாயம். கரிசல் சம்சாரியிடமிருந்து அப்பயறை நேரே கொள்முதல் செய்தால் அவனுக்கும் விலை, முதியோருக்கும் பலம்.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராமங்களில் கொடியேற்றிக் கூட்டம் நடத்தும் தொண்டர்கள், ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் ஒரு தையல் நாடாவும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் தாங்க நிற்க வேண்டும். பன்னிரண்டு வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலவீனப்பட்டிருக்கலாம். கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 33-க்கும் குறைந்தாலும் அவ்வாறே சந்தேகிக்க வேண்டும். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் நிர்ணயித்த அளவுகள் இவை. அத்தகையோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பலாம். வீட்டாரிடம் தட்டைப் பற்றிப் பேசலாம். அந்த நாற்காலியிலேயே தினம் காலையும் மாலையும் பத்து முறை எழுந்து உட்காரப் பழக்கலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமையும் மரியாதையுமே வேண்டும்.

தேசத்திற்கு உழைத்தவர்களுக்குச் சிலையும் மணிமண்டபமும் எழுப்புவதில் நாம் பின்வாங்கியதில்லை. உப்பு வாரியவளும் உளுந்து விதைத்தவனும் தேசத்திற்கு உழைத்தவர்களே. அவர்கள் சிலை கேட்கவில்லை. தங்கள் காலில் நின்று வாசல் வரை போக விரும்புகிறார்கள். பிள்ளையின் பசி ராஜ்யத்தின் பொறுப்பு என்று 1956-ல் எட்டயபுரத்தில் ஒப்புக்கொண்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று வயதாகிவிட்டது, பொறுப்புக்கு வயதாகிவிடவில்லை.